ஏழு பேருக்கு நடுவே ஒருவர்: தப்பி ஓடுகிறவரைப் பிடிப்பது எப்படி?

2024 அக்டோபர் 18. ஹைதராபாத் கச்சிபௌலி உள்விளையாட்டரங்கில் புரோ கபடி லீக்கின் 11-ஆம் பருவம் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அணியும் பெங்களூரு புல்ஸ் அணியும் மோதின. டைட்டன்ஸ் பக்கம் பவன் செஹ்ராவத், புல்ஸ் பக்கம் பிரதீப் நர்வால். இருவருமே ரெய்டர்கள், அதாவது பாடிச் சென்று தொட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள். பவன் 2019-இல் ஒரே ஆட்டத்தில் 39 ரெய்டு புள்ளிகள் எடுத்தவர். பிரதீப் 2017-இல் ஒரே பருவத்தில் 369 ரெய்டு புள்ளிகள் குவித்தவர். இப்படிப்பட்டவர்கள் எதிரே வரும்போது, ஆட்டத்துக்கு முந்தைய இரவு எந்தப் பயிற்சியாளரும் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆளை எப்படிப் பிடிப்பது?

கேள்வி எளிதாகத் தெரியும். கணக்கைப் பாருங்கள். ஆண்கள் கபடி ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ரெய்டர் நுழைவது அதில் பாதி. லாபி எனப்படும் இருபக்க ஓரப் பட்டைகளையும் சேர்த்து 65 சதுர மீட்டர். நம் கணக்கில் 700 சதுர அடி, அதாவது இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு சின்ன அடுக்ககம். அதற்குள் ஏழு பேர் காத்து நிற்கிறார்கள். ஒருவர் மூச்சை அடக்கி ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டே உள்ளே வருகிறார். அவருக்கு 30 நொடிகள்தான். ஏழு பேர் இருக்கும் ஒரு வீட்டுக்குள் தனியாக நுழைந்தவர் யாரையாவது தொட்டுவிட்டு வாசல் வழியே தப்பிவிடுகிறார். ஒரு முறை நடந்தால் தற்செயல் எனலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் நடக்கிறதே, எப்படி?

இதே கேள்வியை உலகின் இன்னொரு மூலையில் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்காலத்தில் கேட்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்றொருவர் உண்டு. பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். பழைய பாணியில் அவர் நின்ற இடத்திலிருந்து பந்தைத் தொலைவில் இருக்கும் தோழருக்கு எறிவார். அவரே பந்தோடு ஓடவும் வல்லவர் என்றால் எதிரணிக்குத் தூக்கம் போய்விடும். லூயிவில் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய லமார் ஜாக்சன் 2016-இல் 30 முறை பந்தை எறிந்து டச் டவுன் எடுக்க வைத்தார். அதே பருவத்தில் தானே ஓடி 1,571 கஜம் கடந்தார். அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது அவருக்குக் கிடைத்தது. இந்த விளையாட்டு நமக்கு முற்றிலும் புதிதும் இல்லை. 2012-இல் எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா தொடங்கியபோது ஹைதராபாத் ஸ்கைகிங்ஸ் என்று ஓர் அணி இருந்தது. ஆனால் ‘ஓடவும் செய்வார், வேறொன்றும் செய்வார்’ என்கிற ஆளைப் பிடிக்கும் கலை ஹைதராபாத்துக்கு அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். தெலுங்கில் அதைச் செடுகுடு என்பார்கள். நமக்குச் சடுகுடு.

ஓடுகிறவரைப் பிடிப்பது கால் வேகத்தைப் பொறுத்தது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். வேகம் தேவைதான். ஆனால் பிடி விழுவதா நழுவுவதா என்பதை மூளையும் கண்ணும், ஏழு பேர் நிற்கும் நிலையும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விரலிடுக்கில் நழுவும் நோட்டு

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை. ஒரு 500 ரூபாய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் 15 சென்டிமீட்டர். நண்பர் அதன் மேல் முனையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். நோட்டின் நடுப்பகுதிக்கு இருபுறமும் உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் சொல்லாமல் நோட்டை விடுவார். பிடித்தால் நோட்டு உங்களுக்கு.

நோட்டு பெரும்பாலும் நண்பரிடமே இருக்கும். விரலிலிருந்து நோட்டின் மேல் முனை வரை இருக்கும் தூரம் ஏழரை சென்டிமீட்டர். அதை விழுந்து கடக்க ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் போதும். நோட்டு விழுவதைக் கண் கண்டு, செய்தி மூளைக்குப் போய், மூளை கட்டளையிட்டு, அது நரம்பு வழியே விரலுக்கு வந்து, தசை சுருங்க ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகிறது. இதற்கு எதிர்வினை நேரம் என்று பெயர். நோட்டு நம்மை முந்திக்கொண்டு போவது இதனால்தான். ஒட்டுமொத்த மனித இனத்துக்கும் உள்ள எல்லை இது. ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி ஒலித்து பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் ஒருவர் கிளம்பினால், அவர் ஒலியைக் கேட்டு ஓடவில்லை, ஊகித்து ஓடினார் என்று உலகத் தடகள விதி தீர்ப்பளிக்கிறது.

இந்தத் தாமதம் உண்மை என்று தெரிந்துகொள்ளவே மனிதகுலத்துக்கு வெகுகாலம் பிடித்தது. நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்கவே முடியாது என்று 19-ஆம் நூற்றாண்டின் பெரிய உடலியல் அறிஞர்களே எண்ணியிருந்தார்கள். 1850-இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு தவளையின் காலை வைத்து அதை அளந்துவிட்டார். நரம்பை ஒரு முறை தசைக்கு அருகிலும் ஒரு முறை தொலைவிலும் தூண்டினார். தொலைவில் தூண்டியபோது தசை சற்றுத் தாமதமாகத் துடித்தது. அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து அவருக்குக் கிடைத்த வேகம் நொடிக்குச் சுமார் 27 மீட்டர். நினைத்த மாத்திரத்தில் கை அசைகிறது என்பது நம் பிரமை.

இனி கபடிக்கு வருவோம். ரெய்டர் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பாய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு நொடியில் அவர் ஒரு மீட்டர் கடந்துவிடுவார். மூலையில் நிற்கும் கார்னர் வீரரின் கண்ணுக்கு அவர் கால் இருக்கும் இடம் தெரிகிறது. கை அங்கே போய்ச் சேரும்போது அந்தக் கால் ஒரு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். கண்ட இடத்தில் கைவைக்கிறவர் வெற்றிடத்தைத்தான் பிடிப்பார்.

மெனு அட்டை நீண்டால் சாப்பாடு தாமதம்

இதைவிடச் சிக்கலான பகுதி இனிமேல்தான். நோட்டுச் சோதனையில் நடக்கக்கூடியது ஒன்றே ஒன்று: நோட்டு கீழே விழும். ரெய்டர் என்ன செய்வார் என்பது அப்படித் தெரிந்ததில்லை. போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துக் கூடுதல் புள்ளி எடுக்கலாம். கால் விரலால் எட்டித் தொடலாம். கையை வீசித் தொடலாம். பின்னங்காலால் உதைக்கலாம். பிடிக்க வருகிறவர்களின் கைகளுக்கு அடியில் குனிந்து நழுவும் டுப்கி செய்யலாம். அதற்குப் பேர்போனவர்தான் பிரதீப் நர்வால். எதுவும் செய்யாமல் திரும்பியும் போகலாம்.

வாய்ப்புகள் பெருகினால் மூளைக்கு என்ன ஆகும்? நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஃபிரான்சிஸ்கஸ் டான்டர்ஸ் 1868-இல் இதை அளந்தார். ஒரே ஒரு சைகைக்கு ஒரே ஒரு பதில் என்றால் எடுக்கும் நேரத்தைவிட, ‘இதற்கு இந்தப் பதில், அதற்கு அந்தப் பதில்’ என்று பிரித்துச் செய்யும்போது நேரம் கூடியது. முன்னதை எளிய எதிர்வினை என்றும் பின்னதைத் தேர்வு எதிர்வினை என்றும் சொல்லலாம். 1952-இல் வில்லியம் ஹிக் விளக்குகளையும் விசைகளையும் வைத்து இன்னும் நுணுக்கமாகச் சோதித்தார். வாய்ப்புகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும், முடிவெடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒரே அளவு கூடியது.

ஓட்டலில் ‘இட்லி மட்டும்தான் இருக்கு’ என்றால் உடனே சொல்லிவிடுகிறோம். நான்கு பக்க மெனு அட்டையைக் கொடுத்தால் சர்வர் இரண்டு முறை வந்துபோக வேண்டியிருக்கிறது. ரெய்டர் செய்வது இதைத்தான். எதிராளியின் மூளையில் நான்கு பக்க மெனுவை விரித்துவைக்கிறார்.

அமெரிக்கக் கால்பந்தில் இதை ஒரு திட்டமாகவே வகுத்துவிட்டார்கள். ‘ரீட் ஆப்ஷன்’ என்று பெயர். எதிரணியின் ஓர வீரர் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தைத் தோழரின் வயிற்றருகே நீட்டியபடி அந்த ஒருவரையே பார்ப்பார். அவர் தோழரை நோக்கிப் பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு தானே ஓடுவார். அவர் குவார்ட்டர்பேக்குக்காகக் காத்து நின்றால் பந்தைத் தோழரிடம் விட்டுவிடுவார். காப்பவர் எந்த முடிவெடுத்தாலும் அது தவறான முடிவாகிவிடும். தாக்குகிறவர் காப்பவருக்குப் பிறகு முடிவெடுக்கிறார் என்பதே இதன் சூட்சுமம். கபடியிலும் சிறந்த ரெய்டர் முன்கூட்டித் தீர்மானித்துக்கொண்டு உள்ளே போவதில்லை. கார்னர் முன்னே வந்தால் ஒன்று, பின்வாங்கினால் இன்னொன்று என்று கதவைத் திறந்தே வைத்திருப்பார்.

ஒற்றைக் கவுன்ட்டர்

பொய்யசைவு எப்படி வேலை செய்கிறது? ரெய்டர் வலப்பக்கம் தோளைச் சாய்க்கிறார். காப்பவர் அந்தப் பக்கம் பாய்கிறார். மறுகணம் ரெய்டர் இடப்பக்கம் போய்விடுகிறார். காப்பவருக்கு இரண்டாவது அசைவும் கண்ணில் படுகிறது. பட்டும் உடல் கேட்பதில்லை.

1931-இல் சார்லஸ் டெல்ஃபோர்ட் என்ற உளவியலாளர் இதன் வேரைக் காட்டினார். ஒரு சைகைக்குப் பதில் சொல்லத் தொடங்கிய உடனேயே இரண்டாவது சைகை வந்தால், அந்த இரண்டாவதற்கான பதில் வழக்கத்தைவிடத் தாமதமாகிறது. ரேஷன் கடையில் ஒரே ஒரு கவுன்ட்டர் இருப்பதைப் போல. முதல் ஆளின் அட்டைக்குப் பில் போட்டு முடிக்கும் வரை இரண்டாவது ஆள் நின்றுதான் ஆக வேண்டும், அவருக்கு எவ்வளவு அவசரமானாலும். இதைக் காத்திருப்புத் தாமதம் என்று சொல்லலாம்.

ஆகவே நல்ல பொய்யசைவுக்கு ஒரு தாளம் உண்டு. முதல் பொய்க்கும் இரண்டாவது மெய்க்கும் இடைவெளி அதிகமானால் காப்பவர் சுதாரித்துக்கொள்வார். இடைவெளியே இல்லாவிட்டால் பொய்யை அவர் கவனித்திருக்கவே மாட்டார், ஏமாறவும் மாட்டார். கவுன்ட்டரில் முதல் அட்டை ஏறியதும் இரண்டாவது அட்டையை நீட்ட வேண்டும். ரெய்டர்கள் இதைப் புத்தகத்தில் படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான முறை மண்ணில் பாடிப் பாடிக் கற்கிறார்கள்.

தோள் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது

அப்படியானால் காப்பவர் எங்கே பார்க்க வேண்டும்? கண்ணையா, தோளையா, காலையா? ஊர் மைதானங்களில் பெரியவர்கள் ‘இடுப்பைப் பாரு’ என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இயற்பியல் இருக்கிறது.

நம் உடலின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால் அந்தப் புள்ளி நிமிர்ந்து நிற்கும்போது தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலின் உள்ளே இருக்கும். அதுவே நிறை மையம். தலையை ஆட்டலாம், கையை வீசலாம், தோளைச் சாய்க்கலாம். நிறை மையம் பெரிதாக நகராது. அதைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டுமானால் தரையைக் காலால் எதிர்ப்பக்கம் தள்ளியே ஆக வேண்டும். வேறு வழியை இயற்கை வைக்கவில்லை. ஆகவே தலையும் தோளும் இலவசமாகப் பொய் சொல்லலாம். இடுப்பு பொய் சொல்ல நினைத்தால் உடல் உண்மையாகவே அந்தப் பக்கம் போய்விடும்.

தேர்ந்த வீரர்கள் இந்த உண்மையைப் பயன்படுத்துகிறார்கள் என்று எப்படித் தெரியும்? ரக்பி ஆட்டத்தை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒருவர் பந்தோடு எதிரே ஓடிவந்து திசை மாற்றும் காட்சியைப் படம்பிடித்து, அந்தப் படத்தை வெவ்வேறு கணங்களில் சட்டென்று வெட்டிவிடுவார்கள். ‘அடுத்து எந்தப் பக்கம் போவார்?’ என்று பார்ப்பவரைக் கேட்பார்கள். இந்த வெட்டுமுறையில் ராபின் ஜாக்சன், சைமன் வாரன், புரூஸ் அபர்னெதி ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவம் குறைந்தவர்கள் பொய்யசைவில் விழுந்தார்கள், தேர்ந்தவர்கள் விழவில்லை.

செபாஸ்டியன் பிரோல், கேத்தி கிரெய்க் உள்ளிட்ட குழு 2012-இல் இன்னும் ஓர் அடி முன்னே போனது. தாக்கும் வீரரின் உடலசைவுகளை உணர்விகளால் பதிந்து, மெய்நிகர் கண்ணாடி அணிந்த காப்பாளர் முன் அதே ஆளை உருவமாக ஓடவிட்டார்கள். புதியவர்கள் பொய்க்குறிகளைப் பின்பற்றினார்கள். தேர்ந்தவர்கள் நிறை மையத்தின் நகர்வு போன்ற மெய்க்குறிகளைப் பின்பற்றினார்கள். இன்னொன்றும் வெளிப்பட்டது. தேர்ந்தவர்கள் புதியவர்களைவிடத் தாமதமாகவே அசையத் தொடங்கினார்கள். கெட்டிக்காரர் முதலில் பாய்வார் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆய்வில் கெட்டிக்காரர் காத்திருந்தார். உடல் தன் உண்மையைச் சொல்லும் வரை பொறுத்திருந்து, பிறகு பாய்ந்தார். இதற்கு முன்னுணர்தல் என்று பெயர் சொல்லலாம். ஊகத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஊகம் குறி தெரியாமல் பாய்வது. முன்னுணர்தல் சரியான குறியை முன்னதாகவே படித்துவிடுவது.

இதே இயற்பியல் உயரத் தாவும் ரெய்டருக்கும் பொருந்தும். பவன் செஹ்ராவத் காப்பாளர்களின் தலைக்கு மேலே பறந்து போவதால் ‘ஹை ஃப்ளையர்’ என்று பெயர் பெற்றவர். பார்க்கச் சிலிர்க்கும். ஆனால் கால் தரையை விட்ட கணத்திலேயே அவருடைய நிறை மையம் போகும் பாதை முடிவாகிவிடுகிறது, எறிந்த கல்லைப் போல. காற்றில் தள்ளுவதற்குத் தரை இல்லை. தாவுகிறவர் தன் மெனு அட்டையைத் தானே மூடிவிடுகிறார். காப்பவர்கள் ஏற்கெனவே குனிந்தோ பாய்ந்தோ விட்ட பிறகுதான் அவர் தாவுகிறார் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் நிமிர்ந்து நின்றால் அந்தத் தாவலே நடக்காது.

துரத்தாதே, வெட்டு

தொட்டுவிட்டு ரெய்டர் நடுக்கோட்டை நோக்கித் திரும்பி ஓடுகிறார். இப்போது கார்னர்களுக்கு உள்பக்கம் நிற்கும் கவர் வீரர் எங்கே ஓட வேண்டும்? ரெய்டர் இருக்கும் இடத்தை நோக்கி ஓடினால் அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் இருக்கப்போகும் இடத்தை நோக்கி ஓட வேண்டும். அந்த இடம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நாற்சந்தியை நோக்கி நீங்கள் ஸ்கூட்டரில் போகிறீர்கள். பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் ஆட்டோ அதே சந்திப்பை நோக்கி வருகிறது. உங்கள் பார்வையில் ஆட்டோ முன்னோக்கி நகர்ந்துகொண்டே போனால் அது முதலில் கடந்துவிடும். பின்னோக்கி நகர்ந்தால் நீங்கள் முதலில் கடப்பீர்கள். எந்தப் பக்கமும் நகராமல், பார்வையில் அதே கோணத்தில் நின்றபடியே ஆட்டோ பெரிதாகிக்கொண்டு வந்தால் பிரேக்கைப் பிடியுங்கள், மோதப்போகிறீர்கள். கப்பலோட்டிகள் அறிந்த பழைய பாடம் இது. வண்டியோட்டுகிறவருக்கு ஆபத்தின் அடையாளமாக இருப்பது பிடிக்க ஓடுகிறவருக்கு வழிகாட்டி. இலக்கு உங்கள் பார்வையில் ஒரே கோணத்தில் நிற்கும்படி உங்கள் ஓட்டத்தைச் சரிசெய்துகொண்டே போனால் அவரைப் போய்ச் சேர்வீர்கள். தூரமும் தெரிய வேண்டாம், வேகமும் தெரிய வேண்டாம். இதை நிலைக்கோண விதி என்போம்.

பறக்கும் பூச்சியைப் பிடிக்கும் தட்டான் இந்த விதிப்படியே பறக்கிறது என்று ராபர்ட் ஓல்பர்க் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் பதிவு செய்தார்கள். மனிதர்களும் நகரும் இலக்கை நோக்கி நடக்கையில் ஏறக்குறைய இப்படியே நடக்கிறார்கள் என்று அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்து மெய்நிகர்க் கூடத்தில் கண்டார்கள். ஹைதராபாத்துக்காரர்களுக்கு இந்த விதியோடு இன்னோர் உறவு உண்டு. 1982-இல் அப்துல் கலாம் இயக்குநராகப் பொறுப்பேற்ற பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டுக் கூடம் இந்த நகரின் காஞ்சன்பாக் பகுதியில் இருக்கிறது. நகரும் இலக்கைத் தேடிப் பாயும் ஏவுகணைகளின் வழிகாட்டலில் பரவலாகப் பயன்படும் கோட்பாட்டின் உட்கருத்தும் இதுவே: இலக்கின் கோணம் மாறினால் நீயும் திரும்பு, மாறாவிட்டால் நேரே போ. தட்டானும் ஏவுகணையும் கவர் வீரரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

காத்திருக்க நேரம் வாங்கித் தருவது அணி

இங்கே ஒரு முரண் எழுகிறது. காத்திருந்து பாய வேண்டும் என்கிறோம். காத்திருந்தால் ரெய்டர் தப்பிவிட மாட்டாரா? தனி ஆளாக நின்றால் தப்பிவிடுவார். காத்திருக்கும் அந்த நேரத்தை வாங்கித் தருவதற்குத்தான் மற்ற ஆறு பேர்.

கபடிக் காப்பணி நிற்கும் முறையைக் கவனியுங்கள். இருபுறமும் கார்னர்கள் ஆழத்தில். அவர்களுக்கு உள்ளே ‘இன்’ வீரர்கள், கவர்கள். அடுத்தடுத்து நிற்பவர்கள் கைகோத்துச் சங்கிலியாக இருப்பார்கள். ரெய்டர் இடப்பக்கம் போனால் முழு வளையமும் அந்தப் பக்கம் சாயும். யாரும் அவசரப்பட்டுப் பாய மாட்டார்கள். அவர்களுடைய முதல் வேலை அவருக்கு இருக்கும் இடத்தைக் குறுக்குவது. குவார்ட்டர்பேக்குக்கு எதிராகவும் இதையே சொல்லித் தருகிறார்கள். ஓரத்தில் இருக்கும் இருவர் அவரை வெளிப்பக்கம் ஓடவிடாமல் வேலியாக நிற்பார்கள். ஒருவர் பந்தைப் பற்றிக் கவலைப்படாமல் அவரை மட்டுமே கண்காணிப்பார். அவருக்கு ‘ஸ்பை’ என்று பெயர்.

விதிகளும் உதவுகின்றன. குவார்ட்டர்பேக் ஆட்டம் தொடங்கும் கோட்டைத் தாண்டிவிட்டால் முன்னோக்கி எறியக் கூடாது. அந்தக் கணமே அவருடைய இரண்டு வாய்ப்புகளில் ஒன்று செத்துவிடும். கபடியில் ஆறு அல்லது ஏழு பேர் காக்கும்போதுதான் போனஸ் உண்டு. ஐந்து பேராகக் குறைந்தால் ரெய்டருக்கு ஓட இடம் கூடுகிறது, ஆனால் மெனுவிலிருந்து ஓர் உணவு நீங்கிவிடுகிறது. ஓர் அணி தொடர்ந்து இரண்டு ரெய்டுகளில் புள்ளி எடுக்காவிட்டால் மூன்றாவது ‘டூ ஆர் டை’. புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டர் வெளியேற வேண்டும். சும்மா திரும்பிப் போகும் வாய்ப்பு அங்கே இல்லை. அவர் வந்தே தீருவார் என்று காப்பவர்களுக்குத் தெரியும். முதல் இரண்டு ரெய்டுகளில் காப்பணி பொறுமையாகப் பின்வாங்குவதைப் பயம் என்று எண்ணிவிடக் கூடாது. மூன்றாவது ரெய்டில் எதிராளியின் மெனுவைச் சுருக்க அவர்கள் செய்யும் முதலீடு அது.

பழக்கமும் ஒரு குறிதான்

கடைசியாக ஒரு கேள்வி. ரெய்டருக்கு வலப்பக்கம் போவதுதான் கைவந்தது என்றால் எப்போதும் அங்கேயே போகலாமே? போனால் எதிரணி அங்கேயே காத்திருக்கும். இடப்பக்கமும் அவ்வப்போது போய்த்தான் ஆக வேண்டும். எவ்வளவு அடிக்கடி? எதிராளியால் கணிக்க முடியாத அளவு. இந்தச் சிந்தனைக்குக் கணித அடித்தளம் இட்டவர் ஜான் வான் நாய்மன், 1928-இல். வெவ்வேறு வழிகளைக் கணிக்க முடியாதபடி கலந்து ஆடுவதைக் கலப்பு உத்தி எனலாம்.

மைதானத்தில் உண்மையிலேயே இப்படி ஆடுகிறார்களா? இக்னாசியோ பலாசியோஸ் ஹுவெர்தா என்ற பொருளியலாளர் தொழில்முறைக் கால்பந்தில் (காலால் உதைத்து ஆடும் சாக்கரில்) அடிக்கப்பட்ட 1,417 பெனால்டி உதைகளை எடுத்து ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார். வீரர்கள் எந்தப் பக்கம் அடித்தாலும் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய சமமாக இருந்தது. முந்தைய உதையை வைத்து அடுத்ததைக் கணிக்கவும் முடியவில்லை. கணிதம் சொன்னதை அவர்கள் கணக்குப் போடாமலேயே செய்திருந்தார்கள். அந்தச் சமநிலை குலையும் இடத்தில்தான் காப்பணிக்கு வாசல் திறக்கும். களைப்பில், பதற்றத்தில், ‘டூ ஆர் டை’ நெருக்கடியில் மனிதர் தனக்குப் பழகிய பக்கமே திரும்புவார். ஆட்டத்துக்கு முந்தைய இரவு அணிகள் காணொளியை ஓட்டி ஓட்டிப் பார்ப்பது அந்தப் பழக்கத்தைத் தேடித்தான்.

நாற்பத்தொரு வயதில் ஒரு கோப்பை

அதே கச்சிபௌலி அரங்கில் 2016 ஜூலை 31 அன்று புரோ கபடியின் நான்காம் பருவ இறுதிப்போட்டி நடந்தது. பாட்னா பைரேட்ஸ் அணி ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸை வென்று கோப்பையை எடுத்தது. பாட்னாவின் தலைவர் தஞ்சாவூர் மாவட்டத்தில் வளர்ந்த தர்மராஜ் சேரலாதன். வலது கார்னர். கணுக்கால் பிடிக்குப் பேர்போனவர். அப்போது அவருக்கு வயது 41.

வயது ஏற ஏற எதிர்வினை நேரம் கூடும் என்பது உடலியல். அவரோடு ஆடியவர்களில் பலர் அவரைவிடப் பதினைந்து, இருபது வயது இளையவர்கள். நோட்டுச் சோதனை வைத்தால் அந்த இளைஞர்கள் வெல்லக்கூடும். கணுக்கால் பிடியில் அந்தக் கணக்கு செல்லவில்லை. கார்னர் வீரர் முழங்கால் மடித்து, உடலைத் தாழ்த்தி, கைகளை முன்னே வைத்து நிற்கிறார். ரெய்டரின் கால் முன்னே வருகிறது, போகிறது. அவர் தொடுவதில்லை. மறுபடி வருகிறது. தொடுவதில்லை. உடல் எடை முழுவதும் அந்தக் காலில் இறங்கி, இனி அதைத் தூக்க முடியாது என்கிற கணத்தில் இரண்டு கைகளும் கணுக்காலில் பூட்டுகின்றன. அதற்குள் பக்கத்துக் கவர் வீரர் வந்து இடுப்பை வளைத்துவிடுகிறார். எடை இறங்கிய கால்தான் மெய் என்று பல்லாண்டு அனுபவம் அவருக்குச் சொல்லித் தந்திருக்கிறது. இழந்த வேகத்தை முன்னுணர்தல் ஈடுகட்டுகிறது.

அடுத்த முறை கபடி பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். கேமராவும் வர்ணனையும் ரெய்டரின் பின்னால் போகட்டும். உங்கள் கண்ணைக் கார்னர் வீரர் மேல் வையுங்கள். அவர் எத்தனை முறை பாயாமல் இருந்தார் என்று எண்ணுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஆடினால் கைபேசியில் மெதுவேகத்தில் படம்பிடித்து, ரெய்டரின் இடுப்பு திரும்பிய கணத்தை அவர்களுக்குக் காட்டுங்கள். ‘இடுப்பைப் பாரு’ என்று மைதானத்துப் பெரியவர்கள் சொன்னதும் ஆய்வுக்கூடம் சொல்வதும் ஒன்றுதான் என்பதை அந்தப் பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே காண்பார்கள்.